மூன்று விரல் பதிந்த மண்

எங்கள் வீட்டில் டிவிக்குப் பக்கத்தில் ஒரு பிடி காய்ந்த மண் இருக்கிறது. சூளையில் சுடாதது, தண்ணீர் பட்டால் கரைந்துவிடும். அதனால் அதைத் துடைக்கும் வேலையை அத்தா யாரிடமும் விடமாட்டார். வீட்டுக்கு வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது அதுதான். எனக்கு அதைப் பிடிக்காது. எடுத்து ஒளித்துவைக்கும் தைரியமும் கிடையாது.

அத்தா தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் மெஷினுக்கு டை, அதாவது இரும்பு அச்சு, மாட்டுகிறவர். பதினெட்டு முடிந்ததும் என்னையும் அங்கே சேர்த்துவிட்டார். சேர்ந்த சில மாதங்களில் என் வலது கையின் நடுவிரலும் மோதிர விரலும் பாதியோடு போயின. மெஷின் மேல் தப்பா, என் மேல் தப்பா என்று ஊரே பேசியது. அத்தா மட்டும் பேசவில்லை. அதற்குப் பிறகு என்னிடம் பேசும்போதெல்லாம் முகத்தை மட்டுமே பார்ப்பார். நானும் கையை பேன்ட் பாக்கெட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளப் பழகினேன். சோறு தின்னும்போதுகூட சுவர்ப் பக்கம் திரும்பி உட்காருவேன்.

கை விறைத்துப் போகாமலிருக்க எதையாவது பிசையச் சொன்னார் டாக்டர். மத்திகிரியில் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வயதுப் பிள்ளைகளுக்கு மண்பாண்ட வகுப்பு நடந்தது. போனேன். சேறு அப்பியிருக்கும்வரை யார் கையில் எத்தனை விரல் என்று ஒருவருக்கும் தெரியாது. அந்த இடம் எனக்குப் பிடித்துப்போக அதுவே போதுமானதாக இருந்தது.

செய்த பாண்டத்தில் பெயர் எழுதும் வழக்கம் அங்கே இல்லை. எழுதச் சொன்னால் ஒருவன் தமிழில் எழுதுவான், ஒருத்தி கன்னடத்தில், வடக்கேயிருந்து வந்த பையன்கள் இந்தியில். சூளையில் அடுக்குகிற அக்காவுக்கு அத்தனையும் படிக்க வராது. அதனால் ஈரம் காய்வதற்குள் வலது கையின் ஐந்து விரல் நுனிகளையும் பாண்டத்தின் வயிற்றில் அழுத்திவிட வேண்டும். சுட்டு எடுத்ததும் விரல் வைத்துப் பார்த்து அவரவருடையதை எடுத்துக்கொள்ளலாம். நான் செய்த ஜாடியில் பக்கத்திலிருந்த கன்னடப் பையனை அழுத்தச் சொன்னேன். அவனும் காரணம் கேட்காமல் அழுத்திவிட்டான்.

கடைசி நாளில் பெற்றோரை அழைத்து, அவரவர் பிள்ளை செய்ததை விரல் தடத்தை வைத்தே கண்டுபிடிக்கச் சொன்னார் அக்கா. விளையாட்டுதான். நான் வீட்டில் சொல்லவே இல்லை. யாரோ சொல்லி, ஷிப்ட் முடிந்த கையோடு யூனிபாரத்திலேயே வந்து நின்றார் அத்தா. ஒவ்வொன்றாக எடுத்தார், தடத்தைத் தடவினார், கீழே வைத்தார். மேசையைச் சுற்றி வந்து மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். பிறகு அக்காவிடம் கேட்டார்.

“ஏம்மா, மூணு வெரலு பதிஞ்சது ஒண்ணு இருக்கோணுமே. எம் பையன் செஞ்சது.”

கூடத்தில் இருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வெட்கத்தில் காது எரிந்தது. இடது கையால் என் ஜாடியைக் காட்டினேன். அதிலிருந்த ஐந்து தடங்களையும் அத்தா பார்த்துக்கொண்டே இருந்தார்.

“இது யாரு கைடா?”

அவர் ஜாடியை வைத்துவிட்டு, தொட்டியிலிருந்து ஒரு பிடி மண்ணை அள்ளி என் முன்னால் நீட்டினார். “வைடா” என்றார். அத்தனை பேர் முன்னிலையில் பாக்கெட்டிலிருந்து கையை எடுத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுத்தினேன். அந்த மண்ணை அத்தா அப்படியே உள்ளங்கையில் ஏந்தி வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

போன வாரம் பெண் வீட்டார் வந்திருந்தார்கள். கை விஷயம் முன்பே சொல்லப்பட்டிருந்தது. பெண்ணின் அத்தா அந்த மண்ணை எடுத்துப் பார்த்து, இது என்ன என்று கேட்டார்.

“எம் பையன் கை” என்றார் அத்தா.

கிளம்பும்போது பெண்ணின் அத்தா ஸலாம் சொல்லி என்னிடம் கையை நீட்டினார். நீட்டிய கை சற்று நேரம் அப்படியே நின்றது. பிறகுதான் நான் என் கையை வெளியே எடுத்தேன். என் அத்தா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்ததாக அம்மா சொன்னாள். நான் பார்க்கவில்லை. டிவிக்குப் பக்கத்தில் இருந்த அந்த மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.