நாலாம் வளைவு

நகராட்சிக்குச் சொந்தமான அந்தக் கார்ப்பந்தயத் திடலில் நாலாம் வளைவு பெரியவளுடைய இடம். பெரியவள் என்பது வீட்டில் வந்த பெயர்; மூத்த மருமகள். சாதாரண நாட்களில் அவள் தடத்தின் ஓரக்கட்டைகளுக்குச் சிவப்பும் வெள்ளையுமாக வர்ணம் அடிக்கும் நகராட்சிப் பணியாளர். பந்தய நாளில் ஆரஞ்சுச் சட்டையை மாட்டிக்கொண்டு, கொடிகளும் வாக்கி டாக்கியுமாக அந்த வளைவில் நிற்பாள். கார் எதுவும் சுழன்று நின்றால் மஞ்சள் கொடி, தடம் வழுக்கினால் கோடு போட்ட கொடி. ஊரில் பாதிப் பேருக்கு அவள் ‘வளைவு அக்கா’.

அந்தத் திடல் இல்லாமல் ஊருக்குப் பொழுது விடியாது. பந்தயம் எப்போதோதான். மற்றபடி காலையில் நடப்பவர்கள், வெயில் ஏறினால் கார் ஓட்டப் பழகுகிறவர்கள், சாயங்காலம் சக்கர நாற்காலிப் பந்தயக்காரர்கள். சத்தம் காதைக் கிழிக்கிறது, திடலை இழுத்து மூடுங்கள் என்று மன்றக் கூட்டத்தில் வருஷம் தவறாமல் மேசையைத் தட்டும் உறுப்பினரே விடிந்தால் அங்கேதான் கையை வீசி வீசி நடப்பார்.

கொழுந்தனுக்குக் கல்யாணமாகிச் சின்னவள் வீட்டுக்கு வந்ததும், அவளுக்குத் திடலில் டிக்கெட் கவுண்டர் வேலைக்குச் சொல்லிவிட்டதே பெரியவள்தான். அந்த நல்ல காரியத்தை நினைத்துப் பின்னால் அவள் நொந்துகொள்ளாத நாள் இல்லை. ஓரகத்தியிடம் ஒரு குறை கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் பெரிய குறை. எல்லாரிடமும் சிரித்துப் பேசினாள். மாமியார்கூடப் பந்தயம் எப்படிப் போயிற்று என்று சின்னவளைத்தான் கேட்டார். கார்கள் காதோரம் உரசிப் போக வெயிலில் நின்று வந்தவள் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த வருஷம் நகராட்சிக் கோப்பைப் பந்தயத்தில், முடிவுக் கோட்டில் கட்டம் போட்ட கொடியை ஆட்டப் பிரமுகர் யாரையும் கூப்பிடுவதில்லை, திடல் பணியாளர் ஒருவரே ஆட்டட்டும் என்று மன்றம் முடிவெடுத்தது. யார் என்பதை ஜனங்கள் வாக்குப் போட்டுச் சொல்ல வேண்டும். பெரியவள் சட்டையைத் துவைத்துத் தேய்த்தே வைத்துவிட்டாள். ஜெயித்தது சின்னவள். வளைவில் நிற்பவளுடைய முதுகைத்தானே ஜனம் பார்த்திருக்கிறது, கவுண்டரில் இருப்பவளுடைய முகத்தை அல்லவா பார்த்திருக்கிறது.

நம்ம வீட்டுக்குத்தானே பெருமை என்று புருஷன் சமாதானம் சொன்னான். “ஆமா, வீட்டுக்குத்தான்” என்று அவள் பாத்திரத்தை வைத்த சத்தத்தில் அவன் எழுந்து வாசலுக்குப் போய்விட்டான். சின்னவளோ துணிக்கொடியில் காய்ந்த போர்வையை உருவிக்கொண்டு வந்து கூடத்தில் ஆட்டிப் பழகினாள். மாமியார் கைதட்டினார். கொழுந்தன் கார் மாதிரி உறுமிக்கொண்டு குறுக்கே ஓடினான்.

பந்தயத்தன்று காலையிலிருந்தே பெரியவளின் மனசு மழைக்கு ஏங்கியது. மழை வந்தால் பந்தயம் நின்றுவிடும். வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. கடைசிச் சில சுற்றுகள் பாக்கி இருக்கையில், பின்தங்கி வந்த கார் ஒன்று எதையோ சொட்டிக்கொண்டே வளைவைக் கடந்தது. தடத்தில் பட்டையாக ஒரு பளபளப்பு.

“அது என்ன, எண்ணெயா?” என்று பக்கத்தில் நின்ற தீயணைப்புக்காரர் கேட்டார்.

எண்ணெய்தான். அவளுக்குப் பார்த்ததுமே தெரிந்தது. கோடு போட்ட கொடியைத் தூக்கி வாக்கி டாக்கியில் சொன்னால் பந்தயத்தை நிறுத்திவிடுவார்கள். சின்னவள் கொடி ஆட்டமாட்டாள். கேட்டது கைக்கு வந்ததும் பெரியவளுக்குப் பயம் வந்துவிட்டது. வயிற்றெரிச்சலில் நிறுத்திவிட்டாள் என்று வீடும் ஊரும் பேசாதா? காலையிலிருந்து நினைத்ததெல்லாம் நெற்றியில் எழுதி ஒட்டியது போலிருந்தது.

“தண்ணியா இருக்கும்” என்றாள்.

அடுத்த சுற்றில் முதலில் வந்த காரே வழுக்கிச் சுழன்று டயர்ச் சுவரில் போய் மோதியது. ஓட்டுநர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தானாக இறங்கி வந்தார். பெரியவள் கொடியைத் தூக்கியபடியே வாக்கி டாக்கியில் கத்தினாள். பந்தயத்தை அத்தோடு நிறுத்தினார்கள். கட்டம் போட்ட கொடிக்கு வேலையே இல்லாமல் போயிற்று.

திடல் மேலாளர் அவளைக் கூப்பிட்டு, சட்டென்று தகவல் சொன்னதற்குப் பாராட்டினார். தீயணைப்புக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்திருக்கலாம்; அவளால் முடியவில்லை.

“ஒரு சுத்து முன்னாடியே பாத்துட்டேன் சார். சொல்லல.”

ஏன் என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டார்; அவள் வாக்கி டாக்கியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். சீசன் முடியும்வரை வளைவில் நிற்கக் கூடாது, கவுண்டரைப் பார்த்துக்கொள்ளட்டும் என்றார். வேலைக்குச் சேர்ந்த கையோடு சின்னவள் கொடிப் பயிற்சியையும் முடித்திருந்தாள்; பயிற்சி முடித்த வேறு ஆள் இல்லாததால் நாலாம் வளைவு அவளுக்குப் போயிற்று.

மறுநாள் சின்னவள் அடுக்களையில் தயங்கித் தயங்கி வந்து நின்றாள்.

“அக்கா, நான் மாட்டேன்னு சொல்லிடவா?”

“சொல்லுவியா?”

“நீங்க கேட்டா சொல்லுவேன். ஆனா எனக்கு அங்க நிக்கணும்னு ரொம்ப ஆசைக்கா.”

பெரியவள் அடுப்பை அணைத்தாள். “நீ கொடி ஆட்டக் கூடாதுன்னுதான் நேத்து பூரா நெனச்சிட்டிருந்தேன்.”

“தெரியும்க்கா. வாக்கு எண்ணுன நாள்லேருந்து நீங்க என் முகத்தப் பாத்தே பேசல.”

அதில் கோபம் இல்லை. கொஞ்சம் கோபப்பட்டிருந்தால் பெரியவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். “போய் நில்லு” என்றாள்.

மிச்சப் பந்தயங்களை அவள் கவுண்டரில் உட்கார்ந்து காதால்தான் பார்த்தாள். யாருக்கும் அடிபடக் கூடாது. ஆனால் சின்னவள் ஒரே ஒரு தடவை கொடியை மாற்றித் தூக்கிவிட வேண்டும். இவ்வளவுதான் அவள் ஆசை. சின்னவள் மாற்றித் தூக்கவில்லை.

அடுத்த சீசனில் நாலாம் வளைவு பெரியவளுக்குத் திரும்பக் கிடைத்தது. சின்னவளுக்கு ஐந்தாம் வளைவைக் கொடுத்தார்கள். முதல் பந்தயம் முடிந்து ஒரே பஸ்ஸில் வீடு திரும்பும்போது, உன் பக்கம் எத்தனை கார் சுழன்றது என்று பெரியவள் சும்மா கேட்பதுபோல் கேட்டாள். மூன்று என்றாள் சின்னவள். நாலாம் வளைவில் ஒன்றுகூடச் சுழலவில்லை; பெரியவளுக்குக் கொடி தூக்கவே வேலை வரவில்லை. வீடு வரும்வரை பெரியவள் ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.