பூஜைக்கு வைத்த கணினி

அழகியநம்பிக்கு ஒரு நாற்காலியில் அரை மணி நேரம் சேர்ந்தாற்போல உட்கார முடியாது. அப்படிப்பட்டவன் பிழைப்புக்கு எடுத்துக்கொண்டதோ நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே விடாத வேலை. கட்டப்போகிற வீடுகளையும் ஓட்டல்களையும் கணினியில் எழுப்பி, உள்ளே நடந்து போவதுபோலப் படமாக்கித் தருவான். டெக்னோபார்க்கில் மூன்று கம்பெனிகள் மாறினான். மூன்றிலும் அவன் வேலையில் குறை சொன்னவர் இல்லை. ஆளை இடத்தில் பார்த்தவரும் இல்லை. கடைசியில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, ஸ்ரீவராகத்து வீட்டிலிருந்தே தனியாகத் தொழில் தொடங்கினான். அங்கேயும் இருப்புக்கொள்ளவில்லை.

ஒரு லேப்டாப் வாங்கியிருந்தால் தீர்ந்திருக்கும். மனைவி ஆர்யா சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டாள். லேப்டாப் இந்த வேலைக்கு முக்கி முனகும், கெட்டால் மொத்தமாகத் தூக்கிப் போட வேண்டும் என்பது அவன் கட்சி. மேசைக் கணினியின் பலமும் வேண்டும், அது மேசையில் நிற்கவும் கூடாது. ஆகவே பெட்டியைத் தானே செய்ய ஆரம்பித்தான்.

முதல் பெட்டி இருபது லிட்டர். இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் கணினிப் பெட்டியைக் குடத்தைப்போல லிட்டரில்தான் அளப்பார்கள். காற்றோட்டம் அருமை, ஆனால் ஸ்கூட்டரில் அதை வைத்தால் காலை வைக்க இடமில்லை. அடுத்ததில் கிராபிக்ஸ் கார்டையும் மதர்போர்டையும் முதுகோடு முதுகாக நிறுத்தி, ஒரு பட்டை ஒயரால் இணைத்தான். இடம் மிச்சமானது, மிச்சமான இடத்தில் சூடு வந்து குடியேறியது. ஃபேனை விரட்டினால் மாவு மில் சத்தம். தகட்டை மெலிதாக்கினால் பெட்டி அதிர்ந்தது, தடிப்பாக்கினால் தோள் இறங்கியது. துளைகளைப் பெரிதாக்கினால் தூசி உள்ளே வந்தது, சிறிதாக்கினால் அனல் வெளியே போக மறுத்தது. வேறொருவன் அலுத்துப் போயிருப்பான். ஒருநாளும் முடிவுக்கு வராது என்று தெரிந்த வேலை நம்பிக்கு அமிர்தம்.

ஐந்தாவது பெட்டி ஏழு லிட்டர். தலையில் பித்தளைக் கைப்பிடி. அதற்கு ஒரே ஒரு சுபாவம்தான்: சில மணி நேரம் ஓடினால் அணைத்து ஆறவிட வேண்டும். நம்பி அதைக் குறையாகவே ஒப்புக்கொள்ளவில்லை. "மனுசன் எழும்பி நடக்கண்டாமா" என்பான்.

அந்த வருடம் விழிஞ்ஞத்தில் ஒரு வேலை கைக்கெட்டும் தூரத்தில் வந்து நின்றது. புதுத் துறைமுகத்துக்கு வந்துபோகிறவர்கள் தங்க ஒரு லாட்ஜ் கட்டப்போகிறார் தங்கப்பன் என்ற கான்ட்ராக்டர். விஜயதசமி காலையில் படத்தைப் பார்ப்பார். பிடித்தால் மொத்த வேலையும் நம்பிக்கு. இதுவும் நழுவினால் கொச்சியில் ஒரு கம்பெனியில் சேர்ந்துவிடுவதாக ஆர்யாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தான். அங்கே டீ குடிக்க எழுந்திருக்கவும் விரல்ரேகை வைக்க வேண்டுமாம்.

துர்காஷ்டமி சாயங்காலம் படம் பாதிதான் ஆகியிருந்தது. பெட்டி கொதித்தது. அணைத்துவிட்டுக் கிழக்கேகோட்டைப் பக்கம் ஒரு நடை போய்விட்டு வந்தான். வந்து பார்த்தால் மேசைமேல் ஒயர்கள் மட்டும் கிடந்தன.

"அம்மா, பெட்டி எங்க?"

"பூஜைக்கு வச்சாச்சு மக்களே" என்றாள் முத்தாரம்மாள்.

அஷ்டமி மாலையில் சரஸ்வதி முன்னால் போன புத்தகத்தையும் தொழில் சாமானையும் தசமி காலையில் பூஜை எடுக்கும்வரை யாரும் தொடக்கூடாது. வருடாவருடம் நம்பியின் தொழிலுக்குப் பிரதிநிதியாக ஒரு மவுஸ் போகும். கணினி கனமாக இருந்த காலமெல்லாம் தேவியும் மவுஸோடு திருப்திப்பட்டிருந்தாள்.

"மவுசை வச்சாப் போராதா?"

"அது ஓடாத மவுசுன்னு ஆர்யா சொன்னா. சாமிக்கு ஓடாத சாமானையா வைக்கது? இதுல கைப்பிடி போட்டிருக்க. தூக்கத்தானே போட்டிருக்க?"

அந்தக் கைப்பிடியை அவன் தேய்த்து மினுக்கிய பாடு அவனுக்குத்தான் தெரியும். எழுபது வயதுக்காரி ஒற்றைக் கையால் தூக்கிப் போயிருக்கிறாள் என்றால், நியாயமாகப் பார்த்தால் அது வெற்றி.

"வேலை கெடக்கும்மா. எடுத்துக்கிடட்டா?"

"எடு. நான் ஒண்ணும் சொல்லலை."

அந்த வீட்டில் இதைவிடக் கடுமையான தடையுத்தரவு கிடையாது.

நம்பி சாமி கும்பிடுகிறவன் அல்ல. கும்பிடாதவனுக்கு எடுக்க என்ன தயக்கம் என்று தன்னையே கேட்டுக்கொண்டு பூஜையறைக்குள் போனான். பட்டுத்துணி போர்த்தி, சந்தனம் குங்குமம் அப்பி, காற்றுத்துளைகளின் மேல் பிச்சிச்சரம் சாத்தியிருந்தது. கையை நீட்டினான். சரத்தை மட்டும் துளைகளிலிருந்து நகர்த்தி வைத்துவிட்டு வெளியே வந்தான். அணைந்து கிடக்கிற பெட்டிக்குக் காற்று எதற்கு என்று அவனுக்கே விளங்கவில்லை.

வேறு கணினியில் செய்யவும் வழியில்லை. வேலை முழுக்க அந்தப் பெட்டிக்குள். நகல் எடுத்து வைக்க இன்னொரு டிஸ்க் மாட்ட இடம் விடாமல்தான் கடைசி அரை லிட்டரைக் குறைத்திருந்தான்.

நவமியன்று மாடிக்குப் போனான், இறங்கினான். நவராத்திரிக் கூட்டத்தில் கோட்டையைச் சுற்றினான். திரும்பி வந்து மறுபடி மாடிக்குப் போனான்.

"ஒரு இடத்துல இருங்களேன். பாக்கிற எனக்குத் தலை சுத்துது" என்றாள் ஆர்யா.

"இருந்து என்ன செய்ய?"

"கொச்சில இருக்கணும்லா. இப்பவே பழகிக்கிடுங்க."

விஜயதசமி காலை முத்தாரம்மாள் ஒரு மந்திரத்தையும் விடாமல் பூஜை எடுத்தாள். கற்பூரம் அணையுமுன் நம்பி ஸ்கூட்டரில் இருந்தான்.

விழிஞ்ஞத்தில் தங்கப்பனின் தகரக் கொட்டகையில் பெட்டியை வைத்து, அங்கிருந்த டிவியோடு இணைத்து ஸ்விட்சைப் போட்டான். ஃபேன் ஒரு தும்மல் தும்மி, மேசைமேல் விரித்திருந்த வரைபடத்தின் மீது குங்குமத்தையும் வாடிய இதழ்களையும் துப்பியது.

"இதெந்தா சாரே, உள்ளே கோயிலோ?"

"பூஜைக்கு வச்சிருந்ததாக்கும்."

தங்கப்பன் மரியாதையாகக் குங்குமத்தைத் தொட்டு நெற்றியில் இட்டுக்கொண்டார்.

"படம் பாதிதான் ஆச்சு" என்றான் நம்பி. ஒளிக்க ஒன்றும் மிச்சமில்லை. "வாசல்லேர்ந்து மாடிப்படி வரைக்கும். அதுக்கு மேல நீங்களே நடந்து பாத்துக்கிடுங்க." மவுஸை அவரிடம் தள்ளினான்.

நிறமில்லாத, சாம்பல் சுவர்களுக்குள் தங்கப்பன் நடந்தார். முதலில் முட்டிக்கொண்டார், பிறகு சொந்த வீட்டில் நடப்பதுபோல நடந்தார். "இந்தப் படி இங்கோட்டு மாறுமோ?" மாற்றினான். "இங்க ஒரு ஜன்னல்? கடல் தெரியட்டு." வைத்தான். "வேண்டா, எடுத்துக் களை." எடுத்தான். மதியத்துக்குள் அது வேறு லாட்ஜாகியிருந்தது. பெட்டிமேல் தோசை சுடலாம்போல இருந்தது.

"படம் ஒண்ணும் வேண்டா சாரே. இதாக்கும் வேண்டியது. வேலை உங்களுக்குத்தான்."

நம்பிக்கு மூச்சு வந்தது.

"ஒரு காரியம் உண்டு. கட்டி முடியது வரைக்கும் தினமும் நீங்க இங்க இருக்கணும். எனக்கு எப்ப என்ன தோணும்னு எனக்கே தெரியாது கேட்டேளா." சொல்லிக்கொண்டே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தோளில் கிடந்த தோர்த்துத் துண்டால் துடைத்து, மேசை முன்னால் இழுத்துப் போட்டார்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது ஆர்யா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "நல்லதாப் போச்சு. இனி தூக்கிட்டு அலைய வேண்டாம். பெருசா ஒண்ணு வாங்கி அங்கேயே வச்சிருங்க. சூடும் ஆகாது."

அதில் ஒரு வார்த்தையும் தப்பில்லை. நம்பி கூடத்திலிருந்து அடுக்களைக்கும், அடுக்களையிலிருந்து கூடத்துக்கும் நடந்தான்.

"அங்க உப்புக்காத்து" என்றான் கடைசியில். "பெருசை விட்டுட்டு வந்தா துருப்பிடிச்சுப் போகும். தினமும் வீட்டுக்குக் கொண்டு வரணும்."

"சரி."

"அப்ப இதைவிடக் கொஞ்சம் சின்னதா இருந்தாத்தான் சரிவரும்" என்று சொல்லி அளவு நாடாவைத் தேடப் போனான்.