வாய்க்கால் மேல் சுவரும் மூன்றாம் நபரும்

பூதப்பாண்டிக்கு இந்தப் பக்கம் எங்க வயல். அதுக்குத் தண்ணி வர்ற வாய்க்காலை மறிச்சு எங்க ஊராட்சித் தலைவர் காம்பவுண்டுச் சுவர் கட்டினாரு. கும்பப்பூ நெல்லு நட்டு ஒரு மாசம்கூட ஆகல்ல. பேச்சிப்பாறை அணையில தண்ணி நிறைஞ்சு கிடக்கு, எங்க வயல்ல வெடிப்பு விழுது. நேர்ல போய்க் கேட்டேன். "முறைப்படி அனுமதி வாங்கித்தாம்க்கா கட்டுறேன்"ன்னாரு.

சரி, அந்த அனுமதியக் காட்டட்டுமேன்னு தகவல் அறியும் சட்டத்துல மனு போட்டேன். சட்டம் வந்து அப்ப நாலஞ்சு வருசம் இருக்கும். பேரு, வீட்டு நம்பரு, கேக்காத போன் நம்பரையும் சேத்து, அடித்தல் திருத்தல் இல்லாம எழுதினேன். அவ்வளவு நம்பிக்கை எனக்கு!

ஒரு மாசம் கழிச்சுப் பதில் வந்தது. 'கோரப்பட்டது மூன்றாம் நபரின் தனிப்பட்ட தகவல். அவர் ஆட்சேபணை தெரிவித்துள்ளதால் வழங்க இயலாது.' யாருடா இந்த மூணாம் ஆளு, வேற யாருக்கோ போக வேண்டிய கடுதாசி மாறி வந்துட்டோன்னு கவரைத் திருப்பித் திருப்பிப் பாத்தேன். பிறவுதான் விளங்கிச்சு. நான் ஒண்ணு, ஆபீசு ரெண்டு, தலைவர் மூணு. ஓட்டுக் கேட்டு அடுக்களை வரைக்கும் வந்து, "நான் உங்க வீட்டு ஆளுதானக்கா"ன்னு கருப்பட்டிக் காப்பி வாங்கிக் குடிச்ச மனுசன்! அடச் சவமே!

அதோட தீரல்ல பாத்துக்கிடுங்க. சம்மதம் கேக்கணும்னு என் மனுவையே நகல் எடுத்து அவருக்கு அனுப்பியிருக்காங்க. அது டீக்கடை பெஞ்சு வரைக்கும் போயிருக்கு. கண்டவனெல்லாம் போன்ல கூப்பிட்டு, "என்ன வக்கீலம்மா, சௌரியந்தானா?"ன்னு இளிக்கான். அவருக்க சுவரு ரகசியம், எனக்க போன் நம்பரு ஊர்ச் சொத்து. த்தூ!

மேல்முறையீடும் செய்தேன். அதுக்குப் பதில் வர்றதுக்குள்ள பயிரு கருகிப் போச்சு. அறுத்து மாட்டுக்குப் போட்டோம், மாடுகூட மோந்து பாத்துட்டு முகத்தைத் திருப்பிக்கிட்டுது.

அடுத்த தேர்தலுக்கு அதே மனுசன் நட்ட நடு மத்தியானம் கைகூப்பிக்கிட்டு வாசல்ல வந்து நின்னாரு. "அக்கா, உங்க வீட்டு ஆளு வந்திருக்கேன்."

"மூணாம் ஆளுக்கு எங்க வீட்டுல என்ன சோலி?"ன்னு கேட்டேன்.

அவருக்கு ஒண்ணும் விளங்கல்ல. அந்த வார்த்தையே ஞாபகம் இல்லை. துண்டால கழுத்தைத் துடைச்சுக்கிட்டு, "என்னா வெயிலு! குடிக்கக் கொஞ்சம் தண்ணி தாங்கக்கா"ன்னாரு.

யாருகிட்ட வந்து கேக்கான் பாருங்க, தண்ணி!