அப்பாவைப் பங்கு கேட்ட அரிசி

வாழைப்பழம் நன்றாகக் கனிந்து தோல் கறுக்கத் தொடங்கும்போது ஒரு மணம் வருமே, அதோடு அப்போதுதான் இறக்கிவைத்த சோற்றுப்பானையின் ஆவியும் சேர்ந்தால் எப்படியிருக்குமோ, அதுதான் என் அப்பாவின் குளிர் ஜாக்கெட்டின் மணம். பிரெஞ்சுத் தலைநகரின் மார்க்ஸ் டோர்மோய்ப் பகுதியில் எங்கள் ஒற்றை அறை வீட்டுக் கதவை அவர் திறக்கும்போது அவருக்கு முன்னால் அது உள்ளே வந்துவிடும். எனக்கு அந்த மணத்தைக் கண்ணில் காட்டக்கூடாது.

அப்பாவுக்கு வேலை, நகருக்கு வெளியே ரயிலில் போகிற தூரத்தில் இருந்த கூசேன்விலில். அங்கே ஒரு யப்பான்காரர் பழைய கொட்டகையொன்றை எடுத்து, தங்கள் ஊர் "சாக்கே" செய்துகொண்டிருந்தார். சாக்கே என்றால் அரிசியில் செய்கிற மது. அரிசியைத் தீட்டித் தீட்டி அரைவாசியாக்கி, முத்துமாதிரி வந்தபிறகு கழுவி, அவித்து, அதிலே நல்ல பூஞ்சணம் பிடிக்கவைத்துப் பிறகு தண்ணீரும் ஈஸ்ட்டும் சேர்த்துக் குளிரில் மெல்ல மெல்லப் புளிக்கவிடுவார்கள். அரிசி கழுவத்தான் அப்பாவை எடுத்தார்கள். குடி, சிகரெட், வெற்றிலை ஒன்றும் இல்லாத மனிதன் என்று தெரிந்ததும், ருசி பார்க்கவும் அவரையே "பத்ரோன்" பிடித்துக்கொண்டார். எங்கள் ஆட்கள் முதலாளியை அப்படித்தான் சொல்வார்கள்.

ரூ பெர்தொனே தெருவில் மரக்கறிக் கடை வைத்திருந்த மாமா அப்பாவைக் கண்டால் விடமாட்டார்.

"என்ன அண்ணை, வீட்டிலை தேவாரம், வேலையிலை சாராயமோ?"

"நான் விழுங்கிறேல்லை தம்பி. வாயிலை வைச்சுத் துப்பிறன்."

"அப்ப பாவமும் துப்பினதோடை போயிடும் என்ன."

அப்பா சிரித்துக்கொண்டே முருங்கைக்காய் பொறுக்குவார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். சாராயம் என்று சொன்னதற்காக அல்ல. அந்தச் சாமானைப் பற்றிக் கதை வந்தால் அப்பாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். நான் வகுப்பில் முதலாவதாக வந்த அன்றுகூட அந்த வெளிச்சத்தை நான் காணவில்லை.

குளிர்காலம் தொடங்கினால் எங்கள் வீட்டில் தோசை இல்லை, தயிர் இல்லை, பழஞ்சோறு இல்லை. புளித்த சாமானின் காற்று உடுப்பில் ஒட்டிக்கொண்டு போனாலும் அங்கே அரிசி கெட்டுவிடும் என்று பத்ரோனின் கட்டளை. "மாவைக் கரைச்சு வைச்சனெண்டா உன்ரை கொப்பர் வெளியிலை படுப்பார்," என்று அம்மா சொல்வார். வகுப்புத் தோழிகள் வீட்டுத் தோசையை மணந்துவிட்டு வந்து ரொட்டியைக் கடிக்கும்போது, எங்கோ ஒரு தொட்டிக்குள் கிடக்கிற அரிசியை நான் திட்டியிருக்கிறேன், கூடப்பிறந்த ஒருத்தியைத் திட்டுகிறமாதிரி.

எனக்குப் பத்து வயதான ஆண்டு, அப்பாவோடு சேர்ந்து நானும் கந்தசஷ்டி விரதம் பிடித்தேன். எனக்கு ஒருநேரச் சாப்பாடு, அவருக்கு மாலையில் ஒரு டம்ளர் பால் மட்டும். இந்த ஆறு நாளும் அப்பா எனக்கும் முருகனுக்கும்தான் என்று நினைத்துக்கொண்டேன். பள்ளிக்கூடமும் விடுமுறை. ஐந்தாம் நாள் பத்ரோனிடமிருந்து அழைப்பு வந்தது. போன குளிரில் பிழிந்து, கோடை முழுக்க ஆறவிட்ட சாக்கேயை இனிக் கலக்கவேண்டும். ஒவ்வொரு தொட்டிக்கும் ஒவ்வொரு குணம், அதில் இத்தனை இதில் இத்தனை என்று சேர்த்து ஒரே ருசிக்குக் கொண்டுவருவதுதான் அவர்களுடைய பெரிய வேலை. அதற்கு அப்பாவின் நாக்கு வேண்டும். நானும் வருவேன் என்று அடம்பிடித்து ரயில் ஏறினேன்.

நீல வளையம் போட்ட வெள்ளைக் கோப்பைகள் வரிசையாக இருந்தன. பத்ரோன் வயதான மனிதர். சுவரில் இருந்த சிறிய மாடத்துக்கு முன்னால், அரிசியும் உப்பும் படைத்திருந்த இடத்தில், கைகொட்டிக் கும்பிட்டுவிட்டுத்தான் வந்தார். அவருக்கும் ஒரு சாமி இருந்தது எனக்குப் பிடிக்கவில்லை.

அப்பா ஒவ்வொரு கோப்பையாக எடுத்து மணந்து பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு, குழந்தையின் உச்சியை முகர்கிறவர்போல. பிறகு கோப்பையை வைத்துவிட்டார்.

"நாக்கு?" என்று பத்ரோன் பிரெஞ்சில் கேட்டார்.

"விரதம், முசியே. நாளைக்கு முடிஞ்சு, மற்ற நாள்தான் வாயிலை வைக்கலாம்," என்று அப்பா தெரிந்த பிரெஞ்சில் சொன்னார்.

வேலை போகப்போகிறது என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். போத்தலில் அடைக்கிற ஆட்கள் மறுநாள் வருவதாக இருந்தது. பத்ரோன் தொலைபேசியை எடுத்து அவர்களை மறித்தார். "சாமிக்குச் சொன்ன சொல் என்றால் சாக்கே காத்திருக்கும்," என்றார். அவ்வளவு நல்ல மனிதராக இருந்தால் எப்படிக் கோபிப்பது?

மறுநாள் லா சப்பல் கோயிலில் சூரசம்ஹாரம். நான் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யானைத்தலை விழுந்தது, சிங்கத்தலை விழுந்தது, சனம் "அரோகரா" என்றது. அப்பா குனிந்து என் காதுக்குள் சொன்னார்:

"பிள்ளை, மூண்டாவது கோப்பையிலை ரெண்டாவதைக் கொஞ்சம் விட்டால் சரிவரும் போலை கிடக்கு."

நான் கையை விட்டுவிட்டேன். அவர் கவனிக்கவேயில்லை.

அடுத்தநாள் காலை, விரதம் முடித்துச் சாப்பிடுகிற பாரணை. விடியமுன்னமே எழும்பி அம்மா பொரித்த கத்தரிக்காய்க் குழம்பு, வாழைக்காய்க் கறி, பருப்பு, வடை என்று சமைத்து வாழையிலை விரித்தார். அப்பா வெறும் வெள்ளைச்சோற்றை நாலு வாய் தின்றார். உறைப்பும் புளியும் பட்டால் நாக்கு மரத்துவிடுமாம். எழும்பி ஜாக்கெட்டைப் போட்டார்.

"ஆறு நாள் முருகனுக்கு, ஏழாம் நாள் யப்பான்காரனுக்கு. எங்களுக்கு எப்பவாம்?" என்று அம்மா இலையைப் பார்த்துக் கேட்டார்.

"பின்னேரம் வந்து சாப்பிடுறன், எடுத்து வையும்."

வந்து சாப்பிட்டார்தான். ஆறிப்போன கறியைத் தின்றுகொண்டே, "சரிவந்திட்டுது," என்றார். முகம் முழுக்க அந்த வெளிச்சம். அவர் ஆசையாகப் பார்த்தது எங்களைத்தான், ஆனால் அந்த வெளிச்சத்தை மூட்டியது நாங்கள் இல்லை. அன்று நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டேன்.

பத்ரோன் தன் ஊருக்குத் திரும்பிப் பல வருடங்களாகிவிட்டன. அந்தக் கொட்டகையில் இப்போது கார் டயர்கள் அடுக்கியிருக்கிறார்கள். அப்பா எங்களோடு இருக்கிறார். அண்மையில் வந்த காய்ச்சல் ஒன்றுக்குப் பிறகு அவருக்கு மணமும் இல்லை, ருசியும் இல்லை. மருத்துவர்கள் பார்ப்போம் என்கிறார்கள். சென்ற பாரணைக்கு நான்தான் சமைத்தேன். இலையில் வைத்த எல்லாவற்றையும் மிச்சமில்லாமல் சாப்பிட்டார். எங்கும் எழும்பிப் போகவில்லை.

"எப்படியப்பா?" என்றேன்.

"நல்லாயிருக்கு பிள்ளை."

வடைக்கும் அதே முகம், குழம்புக்கும் அதே முகம். சின்ன வயதில் நான் கேட்டமாதிரி முழு அப்பாவும் எனக்கே கிடைத்திருக்கிறார். கோயிலில் நிற்கும்போது நான் இப்போது ஒன்றுதான் கேட்கிறேன்: முருகா, அந்த மூக்கைத் திருப்பிக்கொடு, அதற்குப் பிறகு அவர் பாதி இலையில் எழும்பி எங்கே போனாலும் போகட்டும்.