தேதி சொல்லாத காலை நிகழ்ச்சி

புருஷனோடு பிழைக்க வந்த ஊரில், காலூன்றுவதற்கு முன்பே ரேடியோ நிலையம் ஆரம்பித்துவிட்டாள் அவள். இருந்த இரண்டு அறையில் ஒன்றை ஸ்டூடியோ ஆக்கி, சத்தம் எதிரொலிக்காமல் இருக்கச் சுவரெல்லாம் பழைய கம்பளியை ஆணியடித்து மாட்டினாள். "வாயை வாடகைக்கு விடறா" என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும், அவர்களுக்கு வேறென்ன வேலை! நாள் முழுக்க அடுத்தவர் மொழியில் தலையாட்டிக்கொண்டிருந்த நம் சனம், காலையில் அவள் குரலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது. 'ரேடியோ அக்கா' என்பதே அவள் பெயர் ஆயிற்று. செய்தி வாசிப்பாள், விளம்பரம் பிடிக்கக் கடைகடையாக ஏறி இறங்குவாள், ஒயர் அறுந்தால் ஏணியிலும் ஏறுவாள். நாய் படாத பாடு.

அவளிடம் ஒரு சாமர்த்தியம் இருந்தது. காலை நிகழ்ச்சியில் தேதி சொல்ல மாட்டாள், கிழமை சொல்ல மாட்டாள், மழை வெயில் பற்றி மூச்சே விட மாட்டாள். காய்ச்சலில் படுத்தால் பழைய பதிவு ஒன்றைப் போட்டுவிடலாம், ஒரு ஈ காக்காய்க்கும் தெரியாது. பிள்ளை பெற்ற மாதத்தை அப்படித்தான் ஓட்டினாள். "என்னையே ஊறுகாய் போட்டு வெச்சிருக்கேன்" என்று பீற்றிக்கொள்வாள். ஆனால் நேயர் வீட்டில் சாவு விழுந்தால் மட்டும் பதிவு கிடையாது. காய்ச்சலோ குளிரோ, எழுந்து வந்து, பாட்டை நிறுத்தி, போனவரைப் பற்றித் தழுதழுக்கப் பேசுவாள்.

கைபேசியில் உலகமே பாட ஆரம்பித்ததும் விளம்பரக்காரர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். வேறு வழியில்லாமல் ஒரு கம்பெனிக்காரனிடம் நிலையத்தை விற்றாள்; வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை. நம் மொழிக்காரன்தான், வாய்க்கு வாய் அக்கா என்பான். பெயர், கருவிகள், பதிவுகள் எல்லாம் கைமாறின. அடுத்த மாதமே, "நீங்க ரெஸ்ட் எடுங்கக்கா" என்று கதவைக் காட்டினான்.

மறுநாள் காலை அடுப்படியில் நின்றவளின் காதில் அவள் குரலே விழுந்தது. "வணக்கம் என் செல்லங்களே!" அடப்பாவி! ஒரு ஜென்மத்துக்குப் போதுமான பதிவுகள் அவன் கையில் இருந்தன. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டது இதுதான்.

"தம்பி, நான்தான் பேசறேன்னு எல்லாரும் நெனைக்கறாங்க. நிறுத்துங்க" என்று போனில் கெஞ்சினாள்.

"நெனைக்கட்டுமே. உங்களுக்குப் பெருமைதானே அக்கா?"

வக்கீலைப் பார்த்தாள். "பதிவையும் சேர்த்து வித்துட்டீங்களேம்மா" என்று அவர் உதட்டைப் பிதுக்கினார்.

ஓட்டல் லாண்டரியில் படுக்கை விரிப்பு தேய்க்கும் ஒருத்தி, முதல் நாளிலிருந்தே அவளுடைய நேயர். கூடப் பிறக்காத தங்கச்சி என்றே சொல்லலாம். அந்தத் தங்கச்சியின் ஒரே மகன் சாலை விபத்தில் போய்விட்டான். ராத்திரி வெகுநேரம் கழித்துச் சேதி வந்ததும் ரேடியோ அக்கா அழுதுகொண்டே கம்பெனிக்காரனைக் கூப்பிட்டாள்.

"நாளைக்கு ஒரே ஒரு நாள் அதைப் போடாதீங்க தம்பி. இல்ல, என்னை ரெண்டு நிமிஷம் பேச விடுங்க."

"எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சுக்கா. இப்பப் போய் மாத்த முடியாது."

காலையில் ரேடியோ, மாமியார் மருமகள் ஜோக் சொல்லி விழுந்து விழுந்து சிரித்தது. ஓடிப்போய் அணைத்தாள். அணைத்து என்ன பிரயோஜனம்? ஊரெல்லாம் அல்லவா சிரித்துக்கொண்டிருந்தது!

போட்டது போட்டபடி தங்கச்சி வீட்டுக்கு ஓடினாள். கூடத்தில் பெண்கள் விலகி வழிவிட்டார்கள். யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

தங்கச்சி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "நேத்தே ஸ்டேஷனுக்குப் போன் பண்ணிச் சொன்னேன் அக்கா. அவனைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்வீங்கன்னு உக்காந்து கேட்டேன். நீங்க சிரிச்சீங்க."

"ஐயோ, அது நான் இல்லடி! பழைய பதிவு. அவங்க போடறாங்க. நான் அங்க இல்லவே இல்ல."

"உங்க குரல் எனக்குத் தெரியாதா?"

"என் குரல்தான். ஆனா..." என்று அழுதபடி அவள் கையைப் பிடிக்கப் போனாள்.

தங்கச்சி அந்தக் கையைத் தள்ளிவிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

"பேசாதீங்கக்கா. கையெடுத்துக் கும்பிடறேன், பேசாதீங்க."