சோடாக்கடைச் சுவரில் முள்ளெடுக்கும் பெண்

சென்ற மாதம் ஒரு புதன்கிழமை, இரண்டாவது மணி அடித்துச் சற்று நேரத்தில் என் தகப்பனார் எங்கள் வகுப்பு வாசலில் வந்து நின்றார். கடை திறந்திருக்கும் நேரத்தில் சிலேட்டுகளையும் நோட்டுப் புத்தகங்களையும் விட்டுவிட்டு அவர் வெளியே வந்து நான் பார்த்ததில்லை. டீச்சரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு வெளியே போனேன். "சோடாக்கடை அண்ணாச்சி போயிட்டாரு மக்கா," என்றார் அப்பா. கரிவலம்வந்தநல்லூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, பஸ்ஸுக்காக மரத்தடியில் நின்றுகொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். பஸ் வந்தபோது அவர் இல்லை. நான் வகுப்புக்குள் திரும்பிப் போய்ப் புத்தகங்களை அடுக்கினேன். கணக்கு நோட்டை மட்டும் மறந்து வைத்துவிட்டு வந்தது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

நம் பள்ளியின் கையெழுத்துப் பத்திரிகையைக் கடைத்தெருக்காரர்களும் வாசகசாலையில் வைத்து வாசிக்கிறார்கள். ஆகவே சங்கரலிங்கம் அண்ணாச்சி யார் என்று அவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெளியூரிலிருந்து வந்து படிக்கும் தோழிகளுக்காகச் சொல்கிறேன். ஸ்டேஷனிலிருந்து கோயிலுக்குப் போகும் பழைய கடைத்தெருவில் அவருக்கு ஒரு கோலி சோடாக் கடை இருந்தது. எங்கள் வார்டுக்குப் பஞ்சாயத்து போர்டு மெம்பரும் அவர்தான். பெரிய குரல், பெரிய சிரிப்பு. படிப்பு மட்டும் கையெழுத்துப் போடும் அளவோடு நின்றுவிட்டது. அதை அவர் ஒளித்ததே இல்லை. போர்டிலிருந்து காகிதம் வந்தால் தெருவுக்கே கேட்கும்படி, "ஏட்டி கோமு, சர்க்கார் என்ன சொல்லுதுன்னு வந்து சொல்லு," என்று கூப்பிடுவார். நான் போய் வாசிப்பேன். வாசிக்கும்போது கடைக்கு வந்தவர்களையும் போகிறவர்களையும் நிறுத்தி, "பிள்ள வாசிக்குது, கேளுங்கவே," என்று கேட்க வைப்பார். தெருவிளக்குக்கு எண்ணெய் ஊற்றும் நேரத்தை மாற்றியதைப் பற்றிய சுற்றறிக்கையைக்கூட நாலைந்து பேர் சோடா குடித்துக்கொண்டே மரியாதையாகக் கேட்டிருக்கிறார்கள். முடிந்ததும் எனக்கு ஒரு கலர் சோடா உடைத்துக் கொடுப்பார்.

பஸ் ஸ்டாண்டு கோயிலுக்கு மறுபக்கம் மாறிய பிறகு எங்கள் தெருவுக்கு ஆள் வருவது குறைந்துபோயிற்று. ரயிலில் வந்த கூட்டம் பஸ்ஸில் வரத் தொடங்கியது. பஸ்ஸில் வந்தவர்கள் அந்தப் பக்கமே சாமி கும்பிட்டு, அந்தப் பக்கமே சாமான் வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். மத்தியானத்தில் கடைக்காரர்கள் ஒருவர் கடையில் ஒருவர் போய் உட்கார்ந்திருந்தார்கள். அப்போதுதான் அண்ணாச்சி போர்டில் ஒரு யோசனை சொன்னார். தெருவின் சுவர்களில் எல்லாம் படம் எழுத வேண்டும். கடைக்காரர் சுவரைச் சரிசெய்து வெள்ளையடித்துக் கொடுத்தால், பெயிண்டர் கூலியும் வர்ணமும் போர்டு மானியமாகத் தர வேண்டும். படம் பார்க்க ஆள் வரும், வந்த ஆள் சாமான் வாங்கும் என்பது அவர் எண்ணம். "சுவத்துல படம் எழுதினா ஏவாரம் வந்திருமாவே?" என்று ஒரு மெம்பர் கேலி செய்தாராம். "சினிமாக் கொட்டகைக்கு நீரு எதப் பாத்துட்டுவே போறீரு?" என்று அண்ணாச்சி கேட்டாராம். அந்த மெம்பர் வாராவாரம் சினிமாவுக்குப் போகிறவர் என்பது போர்டு முழுவதும் தெரியும். மானியம் நிறைவேறியது.

விண்ணப்பங்களை எல்லாம் நான்தான் எழுதினேன். என் கையெழுத்து முத்துப்போல் இருப்பதாக அண்ணாச்சி தெரு முழுவதும் சொல்லிவைத்திருந்தார். 'வேண்டிய படம்' என்ற இடத்தில் அரிசிக்கடைக்காரர் பிள்ளையார் என்றார். புகையிலைக் கடைக்காரர் முருகன் என்றார். கருவாட்டுக் கடைக்காரர் பெருமாள் என்றார். எழுதிக்கொண்டே போனேன், எல்லாரும் சாமிதான். சாமியைத் தவிர வேறொன்றைச் சுவரில் எழுதலாம் என்று எங்கள் தெருவில் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. அண்ணாச்சி கடைசியாக வந்து தம் சுவருக்கு, ஒற்றைக்காலில் தபசு நிற்கும் அம்மன் என்றார். அவருக்குக் கல்யாணமாகி வெகு காலம் கழித்துப் பிறந்த மகன் காய்ச்சலில் கிடந்தபோது அவர் மனைவி பார்வதி மதினி அம்மனுக்கு நேர்ந்துகொண்டிருந்தார். பிள்ளை பிழைத்தான். மானியம் வந்தது அந்த நேர்ச்சையைச் செலுத்தவே என்று மதினி நினைத்தார்.

வெளியூரிலிருந்து ஒரு பெயிண்டர் வந்தார். அதிகம் பேசாத மனிதர். கோயில் பக்கமிருந்து ஒவ்வொரு சுவராக எழுதிக்கொண்டு வந்தார். உடம்பு, உடை, நகை எல்லாம் முடித்துவிட்டுக் கண்ணை மட்டும் விட்டுவைப்பார். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை காலையில் குளித்துவிட்டு வந்து கண் திறப்பார். முதல் வெள்ளிக்கிழமை மூன்று சாமிகளுக்குக் கண் திறந்தது. அன்று சாயங்காலமே தொல்லை ஆரம்பித்தது. பிள்ளையாருக்கு முன்னால் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஜனங்கள் நின்றார்கள். அரிசிக்கடைப் பலகையில் யாரோ சூடம் ஏற்றிப் பலகை கருகியது. முருகன் பார்த்துக்கொண்டிருக்கும்போது பீடி வாங்கக் கூச்சப்பட்டுப் புகையிலைக் கடை வாடிக்கைக்காரர்கள் அடுத்த தெருவுக்குப் போனார்கள். கருவாட்டுக் கடைக்காரர் காலையில் கடை திறந்ததும் பெருமாள் மேல் சாக்குப் படுதாவை இழுத்துவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "சாமி மூக்கப் பொத்திக்கிட முடியுமாவே?" என்றார். தெருவுக்குக் கூட்டம் வராமல் இல்லை. வந்தவர்கள் கும்பிட்டார்கள், கும்பிட்டுவிட்டுப் போனார்கள். சாமி முன்னால் நின்று விலை பேச யாருக்கும் மனம் வரவில்லை.

இதில் மாடசாமியின் கடைதான் பெரிய விஷயமாயிற்று. அண்ணாச்சியின் சுவருக்கு நேர் எதிரே மாடசாமி செருப்புத் தைத்து விற்றுவந்தார். அவரும் அவர் மனைவியும் உட்கார்ந்தால் கடை நிறைந்துவிடும். அடுத்த வெள்ளிக்கிழமை அம்மனுக்குக் கண் திறந்தால் முதல் பார்வை செருப்பின் மேல்தான் விழும் என்று அரிசிக்கடைக்காரர் சொன்னார். எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். செருப்புக் கடையை ஊர்க்கோடியில் மாட்டுத் தொழுவுக்குப் பின்னால் மாற்ற வேண்டும் என்று போர்டுக்கு மனு எழுதச் சொன்னார்கள். எங்கள் கடையில் உட்கார்ந்து நான் எழுதினேன். அவர்கள் சொன்னதை அப்படியே எழுதாமல், புத்தகங்களில் படித்த சொற்களைத் தேடிப் போட்டு எழுதினேன். 'அம்பாளின் திருநோக்கு பாதரட்சைகளின்மீது விழுவது பக்தர்களின் உள்ளத்தைப் புண்படுத்துமாதலால்' என்று ஒரு வாக்கியம். அதை இரண்டு முறை வாசித்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். என் தகப்பனார் உள்பட எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள்.

வார்டு மெம்பரின் சிபாரிசுக் கையெழுத்துக்காக மனுவை அண்ணாச்சியிடம் எடுத்துக்கொண்டு போனேன். அவர் தொட்டியில் சோடா பாட்டில்களைக் கழுவிக்கொண்டிருந்தார். கை ஈரமாயிருந்ததால் வாங்கவில்லை. "வாசி," என்றார். பிறகு வழக்கம்போலத் தெருவைப் பார்த்தார். எதிரே மாடசாமி இருந்தார். "ஏலே மாடசாமி, இங்கன வா. பிள்ள என்னமோ எழுதியிருக்கு, கேளு," என்று கூப்பிட்டு, ஒரு சோடாவும் உடைத்துக் கொடுத்தார். மனுவில் இருப்பது என்னவென்று அவருக்குத் தெரியாது. மாடசாமி எப்போதும்போலத் தெருவில் நின்றபடியே பாட்டிலை வாங்கிக்கொண்டார்.

நான் வாசிக்க ஆரம்பித்தேன். இரண்டாவது வாக்கியத்தில் குரல் இறங்கிவிட்டது. அண்ணாச்சி பாட்டில் கழுவுவதை நிறுத்தினார். நானும் நிறுத்தினேன்.

"பாதரட்சைன்னா என்ன பிள்ள?" என்று மாடசாமி கேட்டார்.

"செருப்பு," என்றேன்.

"மிச்சத்தையும் வாசி," என்றார் அவர்.

வாசித்தேன். மாடசாமி பாதி குடித்த பாட்டிலைப் படியின் ஓரத்தில் சாயாமல் வைத்தார். "தொழுவுக்குப் பொறத்தால எந்த மனுசக் காலு அண்ணாச்சி வரும்?" என்று கேட்டார். பதிலுக்கு நிற்காமல் தம் கடைக்குப் போய்விட்டார்.

அண்ணாச்சி என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு மனுவை வாங்கி, வாசிக்கத் தெரிந்தவரைப் போல நெடுநேரம் பார்த்தார். "எழுத்து நல்லாத்தான் இருக்கு," என்றார். "ஆனா அவன் முன்னால உனக்கு வாசிக்க வரலைலா. ஒரு ஆளப் பத்தி எழுதினா, அந்த ஆளு முன்னால வாசிக்க வரணும் ஏட்டி. வரலைன்னா எழுதினதுல கோளாறு இருக்கு." அவ்வளவுதான் சொன்னார். அதன்பின் மனுவை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

கடைக்குப் பின்னால்தான் வீடு. மதினி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கதவருகில் நின்றிருந்தார். அண்ணாச்சி திரும்பிப் பார்த்தார். நேர்ச்சை மதினியுடையது, மகனை எண்ணி நேர்ந்தது. அவரிடம் கேட்க அண்ணாச்சிக்கு வாய் வரவில்லை என்பது எனக்கே தெரிந்தது. மதினிதான் பேசினார்: "அம்மனுக்கு இம்புட்டுப் பெரிய கோயிலு இருக்கு. அந்த ஆளுக்கு வேற எடம் இருக்கா? நான் அம்மன்கிட்டச் சொல்லிக்கிடுதேன். நீங்க பெயிண்டர்கிட்டச் சொல்லுங்க."

மறுநாள் காலையில் நான் பள்ளிக்குப் போகும்போது அண்ணாச்சியும் பெயிண்டரும் சுவருக்கு முன்னால் நின்றிருந்தார்கள். சுவரில் உருவம் முடிந்திருந்தது. கிரீடமும் கண்ணும்தான் பாக்கி. "கண்ணு தெறக்கிற வரைக்கும் அது வெறும் சுண்ணாம்பும் காவியும்தான்," என்றார் பெயிண்டர். "மாத்திரலாம். ஆனா ஒத்தக்கால்ல நிக்குதே, தூக்கின கால என்ன செய்ய?" அண்ணாச்சி யோசித்தார். எதிர்க்கடையைப் பார்த்தார். "தூக்கின காலு தூக்கினபடியே இருக்கட்டும்வே. முள்ளு தச்சிருக்குன்னு வையும்," என்றார்.

இரண்டே நாளில் சுவரில் ஒரு கரிசல்காட்டுப் பெண் நின்றாள். தலையில் பருத்திக் கூடை. ஒரு கை சுவரில் ஊன்றியது போல. மறு கையால் தூக்கிய பாதத்திலிருந்து கருவேல முள்ளைப் பிடுங்குகிறாள். பல்லைக் கடித்துக்கொண்டிருப்பது கன்னத்தில் தெரிந்தது. வெள்ளிக்கிழமைக்குக் காத்திராமல் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் பெயிண்டர் அவளுக்குக் கண் எழுதினார். அரிசிக்கடைக்காரர் ஓடிவந்தார். "அம்மன அழிச்சிட்டீரே, நீரு வெளங்குவீரா?" என்றார். "கண்ணு தெறக்காதது எப்பிடிவே அம்மனாவும்? வேகாத அரிசியச் சோறுன்னு விப்பீரா நீரு?" என்றார் அண்ணாச்சி. சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அரிசிக்கடைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. ஒரு மாத காலம் அவர் சோடா குடிக்க அடுத்த தெருவுக்குப் போனார். மனு அண்ணாச்சியின் சட்டையோடு வெளுக்கப் போய்க் கூழாகி வந்ததாக மதினி சொன்னார்.

கோயிலின் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வந்த கூட்டத்தில் சிலர் ஸ்டேஷன் பக்கமாகவும் வந்தார்கள். அந்தப் படத்தின் முன்னால் நிற்காதவர்கள் இல்லை. பார்த்ததும் தம் காலைத் தூக்கிப் பார்த்துக்கொள்வார்கள். பிறகு திரும்பினால் எதிரே செருப்புக் கடை. திருவேங்கடம் ஊர்ப் பக்கத்திலிருந்து பயிர் செய்யும் சம்சாரிகள் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, "முள்ளெடுக்கிற பொம்பள இருக்கிற தெரு எங்கன இருக்கு?" என்று விசாரித்துக்கொண்டு வரலானார்கள். செருப்புத் தைத்து முடியும் வரையில் அவர்கள் எங்காவது உட்கார வேண்டுமல்லவா? சோடாக் கடையில் உட்கார்ந்தார்கள். பக்கத்தில் சாமான் வாங்கினார்கள். கண் திறக்காமல் மீதியிருந்த சாமிகளும் அதன்பின் மாறின. பாத்திரக் கடைச் சுவரில் ஒரு பெண் பித்தளைக் குடத்தில் முகம் பார்த்தாள். எங்கள் கடைச் சுவரில் ஓர் ஆள் கோபத்தோடு கடிதம் எழுதினார். கண் திறந்த மூன்று சாமிகளை மட்டும் யாரும் தொடவில்லை. அவை மழையில் தாமே மங்கிவருகின்றன. போர்டு மானியம் அந்த ஒரு வருஷத்தோடு நின்றுபோனது. தெருவும் பழைய செழிப்புக்கு முழுதாகத் திரும்பிவிடவில்லை. ஆனால் மத்தியானத்தில் இப்போது யாரும் அடுத்தவர் கடையில் போய் உட்கார்ந்திருப்பதில்லை.

ஒருமுறை அவரிடம், "சாமி கோவிச்சிருக்குமா அண்ணாச்சி?" என்று கேட்டேன். "மகனக் காப்பாத்தின அம்மன் ஒரு செருப்புக்கா கோவிக்கும்? போ ஏட்டி," என்றார். ஆனாலும் தபசு நாளில் மதினியோடு அவர் கோயிலைச் சுற்றிய சுற்றுக்குக் கணக்கில்லை. அந்த வருஷம் அவர் கால் வீங்கிப்போய்க் கடையில் உட்கார்ந்தே சோடா உடைத்தார்.

அண்ணாச்சியிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒரே வழக்கம். ஒருவரைப் பற்றி எதை எழுதினாலும் அவர் முன்னால் அதை வாசிக்கிறேன். இந்தக் கட்டுரைக்கு அண்ணாச்சி இல்லை. ஆகவே முதலில் மதினியிடம் வாசித்தேன். அவர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கேட்டார். எதையும் மாற்றச் சொல்லவில்லை. நேற்றுச் சாயங்காலம் மாடசாமியிடம் போனேன். தெருவில் நின்றபடி முழுவதையும் வாசித்தேன். மனுவின் வாக்கியத்தையும் விடாமல் வாசித்தேன். அவர் வாரைத் தைத்துக்கொண்டே கேட்டார்.

"ஒண்ணு விட்டுப்போச்சே பிள்ள," என்றார் கடைசியில். "அன்னைக்கு நீ வாசிச்சிட்டுப் போனல்லா, அன்னைக்குச் சாயங்காலம் அண்ணாச்சி எங்கடைக்கு வந்தாரு. இத்தன வருசம் எதுத்தாப்புல இருந்தும் தெருவுல நின்னுதான் பேசுவாரு. அன்னைக்கு உள்ள ஏறி, தோலு கெடந்த சாக்க ஒதுக்கிட்டு உக்காந்தாரு. அவரு செவுத்தையே பாத்துக்கிட்டிருந்தாரு. 'இங்கன இருந்து பாத்தா இப்பிடித்தான் தெரியுமாடே'ன்னு கேட்டாரு. ஆமான்னேன். பொறவு எந்திரிச்சுப் போயிட்டாரு."

அதை இங்கேயே எழுதிச் சேர்த்துவிடலாமா என்று கேட்டேன். எழுது என்றார். உள்ளே ஏறி, சாக்கை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்து எழுதினேன்.