ஊதுபத்தி காட்டி விற்ற அலாரம்

அன்று பொத்தேரியில் ஒரு மாணவர் விடுதியின் ஆபீஸ் அறையில் இருந்தது நான்கு பேர்: விடுதி உரிமையாளர், அவர் மனைவி, எங்கள் கம்பெனியில் கண்காணிப்புக் கேமரா விற்கும் தம்பி, அதே கம்பெனியில் தீ அலாரம் விற்கும் நான்.

தம்பி என்றால் கூடப் பிறந்தவன் இல்லை. பி.இ. படித்தவன், வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நான் ஒன்பதாவதோடு நின்றவன். தாம்பரத்திலிருந்து என் வண்டியில், என் பெட்ரோலில்தான் போனோம். இரண்டு மாதமாக என் பெயரில் ஒரு ஆர்டர் கிடையாது. இந்த மாதமும் இல்லையென்றால் வேறு இடம் பார்த்துக்கொள் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். வழியெல்லாம் அதே நினைப்பு.

கேமரா விற்பதில் என்ன கஷ்டம்? தம்பி செல்போனைத் திறந்து எங்கள் ஆபீஸ் வாசலைக் காட்டினான். அந்த அம்மா குனிந்து பார்த்தார்.

"இங்க உக்காந்துகினே பாக்கலாமா?"

"திருப்பதி போற பஸ்ஸுல நின்னுகூடப் பாக்கலாம்க்கா."

டீ ஆறுவதற்குள் பதினாறு கேமரா. எனக்கு வயிறு எரிந்தது.

தீ அப்படியில்லை. இன்னும் வராத ஒன்றைச் சொல்லி விற்கவேண்டும். சமையலறை கீழே, படிக்கட்டு ஒன்றுதான், மேலே அத்தனை பையன்கள் என்று சொல்லும்போதே எனக்கு வியர்த்துவிட்டது. உரிமையாளருக்கு வியர்க்கவில்லை.

"நம்ம பில்டிங்ல இதுவரிக்கும் ஒண்ணும் ஆவலபா. நீயே பத்த வச்சிருவ போல கீது."

புகை பட்டால் கத்தும் வெள்ளை டப்பாவை ஒரு கையில் பிடித்து, மறு கையால் ஊதுபத்தியைக் கொளுத்தி அதன் கீழே காட்டினேன். சத்தமே இல்லை. இன்னும் கிட்டக் காட்டினேன்.

"இன்னாபா, பூஜை பண்றியா?" என்றார் உரிமையாளர்.

தம்பி எழுந்துபோய் ஃபேனை நிறுத்தினான். அவ்வளவுதான். புகை நேராக ஏறியது, சைரன் அலறியது. ஃபேன் ஓடியது எனக்கும் தெரியும். அடுத்தவர் வீட்டு ஃபேனை நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

காதைப் பொத்திக்கொண்டிருந்த அந்த அம்மா கையை எடுத்தார். "பசங்க ரூம்ல சிகரெட் புடிச்சா கத்துமா?"

ஜன்னல் திறந்திருந்தால் கத்தாமலும் போகும், இது அதற்காகச் செய்ததில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். தம்பி முந்திக்கொண்டான்.

"கத்தும்க்கா. எந்த ரூம்னு நம்பரே காட்டும்."

"அப்ப ரூமுக்கு ஒண்ணு போட்ரு," என்றார் உரிமையாளர். "மூணாவது மாடி பசங்கள நான் புடிச்சே ஆவணும்."

திரும்பும்போது பின்னாலிருந்து தம்பி என் தோளைத் தட்டினான். "உங்க ஆர்டர் முடிஞ்சுது பாத்தீங்களாண்ணா!" அந்த 'உங்க'தான் என்னை அதிகம் எரித்தது. எத்தனை ராத்திரி யோசித்துச் சேர்த்த பேச்சு என்னுடையது. அவனுக்கு ஒரு வரி போதுமானதாக இருந்தது.

மேனேஜர் ஆர்டரை என் பெயரில் எழுதினார், வேலை தப்பியது. முடித்துக் கொடுத்தவன் என்று இன்சென்டிவ் ஒன்பதாயிரத்தையும் தம்பி கணக்கில் போட்டார். "பாதி உங்களுதுண்ணா," என்று அவனே சொன்னான். அதிலும் பாதியை அன்றே போனில் அனுப்பினான். மீதி அடுத்த சம்பளத்தில் என்றான். மறந்துவிட்டான்.

கேட்டால் அந்த நிமிஷமே அனுப்பிவிடுவான். அனுப்பிவிட்டால் அவனைப் பற்றி வீட்டில் குறை சொல்ல எனக்கு வேறு ஒன்றும் இல்லை. அதனால் இன்னும் கேட்கவில்லை. பாக்கி இரண்டாயிரத்து இருநூற்று ஐம்பது ரூபாய்.